சந்தேகத்தின் பலன் யாருக்கு?

அறநெறி இறையியலில் தொன்றுதொட்டு வழங்கிவரும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வேடன் ஒருவன் காட்டில் நிற்கிறான். எதிரே புதர் அசைகிறது. அங்கிருப்பது மானா, மனிதனா என்பது தெளிவாகத் தெரியவில்லை. மானாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அவன் அம்பு எய்யலாமா? கூடாது என்பதே விடை. ஐயத்திற்கிடமான செயல்கள் பலவற்றில் மனச்சான்றுக்கு உரிமை உண்டு. பிறர் உயிர் பணயமாகும் இடத்திலோ பாதுகாப்பான வழியையே தேர்ந்தாக வேண்டும்.

கைவிடப்பட்ட சுரங்கங்களின் கழிவுக் குட்டைகளுக்கு இப்பாடம் முற்றிலும் பொருந்துகிறது. தாதுக்கல்லை மாவாக அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் எஞ்சும் சேற்றைக் கரை எழுப்பித் தேக்குகிறார்கள். சுரங்கம் மூடப்பட்டாலும் சேறு அங்கேயே கிடக்கிறது. தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் சயனைடு வெயில்பட்டு நாளடைவில் சிதையும். ஆர்செனிக், ஈயம் போன்றவை சிதைவதில்லை. கந்தகம் கலந்த தாது, காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, அவற்றை நிலத்தடி நீரில் சேர்க்கவும் கூடும்.

இவ்வாபத்தை மதிப்பிடும் வல்லுநர்கள் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றனர். தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு? நேர்ந்தால் இழப்பு எவ்வளவு? இரண்டும் தேவையானவையே. ஆயினும் அறம் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறது: அவ்விழப்பைச் சுமப்பவர் யார்?

பிரேசில் நாட்டின் புருமாதின்ஹோவில் இரும்புச் சுரங்கக் கழிவணை ஒன்று இருந்தது. அதில் புதிய கழிவு கொட்டுவது நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அது உறுதியாக உள்ளதென்று சான்றும் வழங்கப்பட்டிருந்தது. அணைக்குக் கீழே தொழிலாளரின் உணவுக்கூடம் இருந்தது. 2019 சனவரி 25 அன்று நண்பகல் உணவு வேளையில் அணை உடைந்தது. 270 பேர் மாண்டனர்.

நமக்கு அருகிலும் கோலார் தங்கவயல் இருக்கிறது. வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கு உழைத்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் வெளியே போயிற்று. 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மேடுகளாய் அங்கேயே நின்றுவிட்டது. காற்று வீசும் காலத்தில் அதன் நுண்தூள் வீடுகளில் படிகிறது. அம்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அரசு 2024இல் இசைவளித்தது. எஞ்சிய தங்கம் கணக்கிடப்படுவதுபோல், மக்களின் மூச்சில் எஞ்சிய தூளும் கணக்கிடப்படுமா?

புதிய வீடு கட்டுபவர் மேல்தளத்திற்குக் கைபிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல் (22:8). எவரும் விழுவதற்கு முன்பே அக்கடமை தொடங்கிவிடுகிறது. விழுவார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அண்டை வீட்டாருக்கு இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலும் (எண் 183), இத்தகைய மதிப்பீடுகளில் அவ்விடத்து மக்களுக்குச் சிறப்பிடம் தரவேண்டும் என்று வலியுறுத்துகிறது.

ஆகவே, கிணற்று நீரைச் சோதித்து முடிவை ஊரறியச் சொல்லுங்கள் என்று கேட்பது ஒரு கிறிஸ்தவரின் கடமை. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது என்பது நீதிமன்ற நெறி. கழிவு மேடு கூண்டில் நிற்கும் மனிதன் அன்று. இங்கே சந்தேகத்தின் பலன், மேட்டின் அடியில் தண்ணீர் குடித்து வளரும் குழந்தைக்கே உரியது.