யார் விட்ட புகை, யார் இழுக்கும் மூச்சு

வருசநாட்டு மலையடிவாரத்தில் அடுப்புக்கு விறகைத் தவிர இன்னொரு தீனியும் உண்டு. இலவங்காயை உடைத்துப் பஞ்சை எடுத்த பிறகு மிஞ்சும் ஓடு. காசில்லாமல் கிடைக்கும், காய்ந்துவிட்டால் சடசடவென்று பற்றிக்கொள்ளும். மயிலாடும்பாறைப் பக்கம் கேஸ் அடுப்பு புதுமை இல்லை. ஆனால் கேஸ் இருக்கிற வீட்டிலும் கொல்லைப்புறத்தில் மூன்று கல் கருகிக் கிடக்கும். காபித்தண்ணிக்குக் கேஸ். உலைக்கும் வெந்நீருக்கும் விறகு. கேட்டால், "கேசு அடுத்த மாசம் வரைக்கும் நிக்கணும்ல" என்பார்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் சிலிண்டர் அவசரத்துக்கு எடுக்கிற நகை மாதிரி. மூலையில் பத்திரமாக இருக்கும்.

ஊதாங்குழலை வைத்து ஊதும்போது கண் கரிக்கிறது, முந்தானையால் துடைத்துக்கொள்கிறோம். கண்ணைக் கரிக்கிற புகை தன்னைக் காட்டிக்கொள்கிறது, விலகி உட்காரலாம். ஆபத்து அதற்குள் ஒளிந்திருக்கிற நுண்துகளில். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த அந்தத் துகள் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். மூக்கு அதைப் பிடிக்காது, தொண்டை அதற்கு இருமாது. நுரையீரலின் காற்றுப்பைவரை போய், அங்கிருந்து ரத்தத்துக்கும் போகிறது. அதனால்தான் புகையின் கணக்கில் இருமலோடு மாரடைப்பும் பக்கவாதமும் சேர்கின்றன. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடுப்பில் பிள்ளையோடு அடுப்பெரிப்பவளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரிந்தாலும் உலை வைக்காமல் இருக்க முடியுமா?

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படிகளின் காற்றை அளந்தவர். அவரோடு சேர்ந்து உழைத்த அமெரிக்க அறிஞர் கிர்க் ஸ்மித் 2002இலேயே துணிந்து ஒரு வாதத்தை வைத்தார்: ஏழைகள் பெட்ரோலிய வாயுவில் சமைத்தால் பூமிக்கு வரும் கேடு மிகச் சிறியது, அவர்களுக்குக் கிடைக்கும் ஆயுள் பெரியது. பருவநிலைக்காகச் சிக்கனம் பிடிப்பதாக இருந்தால் அதை அடுப்படியில் தொடங்காதீர்கள் என்பது அதன் பொருள். எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது. 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்து ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பைக் கொடுத்தது. மறுபடி நிரப்புகிற காசு அந்தந்த வீட்டின் பாடாகிவிட்டது.

அடுப்புப் புகையை உண்டாக்குகிறவளும் சுவாசிக்கிறவளும் ஒருத்தியே. அடுப்படியைத் தாண்டினால் அப்படியில்லை. விடியுமுன் கம்பம், போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பாருங்கள். வளைவுக்கு வளைவு கரும்புகை. அதை இழுப்பது ரோட்டோரம் டீ ஆற்றுகிறவரும், பின்னால் பைக்கில் வருகிறவரும். ஓட்டுநரைத் திட்டி என்ன பயன்? வண்டியில் ஊற்றுகிற டீசலை அவரா காய்ச்சினார்? 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ் 6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது எரிபொருளில் அனுமதிக்கப்படும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. பழைய ஜீப்பின் டாங்கிலும் அந்த டீசல்தான் விழுந்தது. ஓட்டுநர் ஒன்றும் செய்யவில்லை, டீக்கடைக்காரரும் மனுக் கொடுக்கவில்லை. சுத்திகரிப்பு ஆலையின் வாசலில் ஒரு விதி மாறியது. ஊர் ஊராகப் போய் ஆயிரம் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

இன்னும் தள்ளிப் போனால் கரியமில வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது. அடுப்பின் கரித்துகள் சில நாட்களில் மழையோடு மண்ணுக்கு இறங்கிவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் மேலேயே நின்று பூமியைச் சூடேற்றும். மூச்சை அடைக்காத ஒன்றை மாசு என்று எப்படிச் சொல்வது என்று அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது. அதுவும் காற்று மாசுதான் என்று 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. மக்களின் உடல்நலத்துக்கு அதனால் ஆபத்து என்று 2009இல் அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முடிவுசெய்தது. அதே முகமை 2025இல் அந்த முடிவைக் கைவிடலாமென்று முன்மொழிந்தது. மலையடிவாரத்தில் இலவங்காய் பொறுக்குகிறவருக்கு இந்த வழக்கு தெரியாது. பங்குனி, சித்திரை வெயில் முன்போல இல்லை என்பது தெரியும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டு வாழ்வது மக்களின் உரிமை என்று நம் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு சொல்லிவிட்டது.

புகை விடுகிறவருக்கும் அதன் கேட்டை அனுபவிக்கிறவருக்கும் இடையில் முதலில் ஒரு கை தூரம், பிறகு ஒரு ரோட்டின் தூரம், கடைசியில் கடல்களும் தலைமுறைகளும். தூரம் குறைவாக இருந்தால் மனிதர் தாமாகவே விலகிக்கொள்வார், சண்டையாவது போடுவார். தூரம் கூடக் கூட, தடுக்கக்கூடிய ஒரே கை சட்டத்தின் கை. அந்தக் கையோ தூரம் கூடக் கூடத்தான் தளர்கிறது. இன்னொரு பக்கம், மிக அருகில் இருக்கும் அடுப்படிக்குள்ளும் அது நுழைவதில்லை. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டத்தின்படி வகுத்த தர அளவுகள் வெளிக்காற்றுக்குத்தான்.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. எல்லாம் நகரங்கள். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு போன்ற ஊர்களின் நுரையீரலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றை அளக்கும் கருவியை ஒன்றியந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வையுங்கள். சிலிண்டர் விலையைத் தீர்மானிக்கிறவர்கள் இந்தப் பக்கத்துப் பெண்ணின் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.