மூடினால் என்ன மிஞ்சும்?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006இல் உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பரில் நின்றது. எவ்வளவு பெரிய கம்பெனியும் ஒரு நாள் கேட்டைப் பூட்டும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்தான், பிள்ளை பிறந்தது முதல் எடுத்த படத்தையெல்லாம் ஒரே கம்பெனியிடம் யோசிக்காமல் கொடுத்து வைத்திருக்கிறோம்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்காரர், “போட்டோவையெல்லாம் அடுக்கி வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது மச்சான்?” என்று கேட்டார். முகத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கிறதா, பழனி என்று தேடினால் மொட்டை போட்ட படம் வருகிறதா என்பது அவர் கவலை. “அதை நாளைக்கு மூடிட்டா நம்ம கையில என்ன மிஞ்சும், அதைப் பாருங்க மாப்பிள்ளை” என்றேன்.

அவர் வீட்டுப் படங்களில் பாதி வாட்ஸ்அப்பில் வந்தவை. ஷிஃப்ட் வேலைக்காரர் வீட்டில் அப்படித்தான் இருக்கும். பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததையும், பிறந்தநாள் கேக்கையும் தங்கை எடுத்து அனுப்புவாள்; அவர் போன் அணைந்து லாக்கரில் கிடக்கும். காலையில் வெளியே வந்து திறந்தால்தான் படம் இறங்கும். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கி, எடுத்த நேரம், இடம் முதலிய விவரங்களைக் கழற்றிவிடுகிறது. கோப்பின் பெயரில் நிற்பது வந்து சேர்ந்த தேதி. எந்த மென்பொருளில் போட்டாலும் பிறந்தநாள் மறுநாளுக்கு நகர்ந்துவிடும், அதுவும் இரண்டு ‘காலை வணக்கம்’ முருகர்களுக்கு நடுவில். மென்பொருள் அப்புறம், முதலில் தங்கை போனிலிருக்கும் அசலை இறக்குங்கள் என்றேன்.

படம் தொலைவது அபூர்வம். பழைய நோக்கியா போனில் எடுத்தவைகூட இன்றும் திறக்கின்றன. ஏனென்றால் அவை சேமிக்கப்பட்ட ஜேபெக் வடிவம் 1992இலேயே பொதுத் தரமாகிவிட்டது. தொலைவது நாம் உட்கார்ந்து போட்ட பெயர்களும் குறிப்புகளும்தான். பிகாசா என்ற மென்பொருளில் ஆல்பம் ஆல்பமாக அடுக்கியவர்கள் உண்டு. 2016இல் கூகுள் அதை நிறுத்தியது. 2015இல் சுருக்கிய படங்களுக்கு எல்லையில்லா இலவச இடம் தந்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றுபவற்றை 15 ஜிபி கணக்கில் சேர்த்தது. கோபிக்க ஒன்றுமில்லை, வியாபாரம். ஆனால் அங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது, நாம் எழுதிய குறிப்புகள் ஜேசன் என்ற தனிக் கோப்புகளில் வருகின்றன. அவற்றைப் படத்தோடு மறுபடி ஒட்டுவது பெரும்பாடு.

வீட்டுக் கணினியிலேயே ஓடும் இம்மிச் என்ற மென்பொருள் பார்க்க அழகு, போனிலும் வசதி. ஆனால் அதைப் பராமரிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் வேலை மாறி குஜராத் போய்விட்டால்? கம்பெனியை நம்புவதை விட்டு மச்சினனை நம்பிய கதைதான்.

நான் கைகாட்டியது டிஜிகேம். 2001இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். திரை நிறைய பொத்தான்கள். பழகும்வரை எரிச்சல் வரும். ஆனால் அமைப்பில் சொல்லிவிட்டால், பெயரையும் குறிப்பையும் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவிடும், தமிழிலும். ஸ்டுடியோ படத்தின் பின்னட்டையில் தாத்தா பேனாவால் எழுதி வைத்த மாதிரி. நாளை டிஜிகேமே நின்றுபோனாலும் வேறொன்று அதைப் படிக்கும்.

பெயர் போட உட்கார்ந்தபோதுதான் விவகாரம். மென்பொருளுக்கு உறவு தெரியாது. எந்த முகம் எத்தனை தரம் வந்தது என்பதுதான் தெரியும். லைன் வீட்டில் பக்கத்து ரூமில் இருந்த ஒடிசாக்காரர், சித்தப்பாவைவிட அதிகப் படங்களில் இருந்தார். எல்லோரும் ‘பையா’ என்று கூப்பிட்டே பழகியதால் அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. “பாப்பாவுக்கு ஜுரம் வந்தப்ப ராத்திரியில வண்டி எடுத்தவர், அவரை விடக்கூடாது” என்றாள் தங்கை. ‘பக்கத்து ரூம் பையா’ என்றே எழுதினோம்.

பேச்சுவார்த்தை நின்றுபோன பெரியப்பா முகத்துக்குப் பெயர் போடுவதா என்பதில் மட்டும் புருஷன் பெண்டாட்டிக்குள் இன்னும் முடிவாகவில்லை.