கட்டத் துணியின் சாட்சியம்

பாட்டனாரின் பழைய நிழற்படம் ஒன்று பேரர்களின் கைக்குக் கிடைக்கிறது. இடம் ஸ்காட்லாந்து எனக் கொள்வோம். படத்தில் பெரியவர் முழங்காலளவு மடிப்புடை தரித்து, கட்டம் போட்ட கம்பளித் துணியைத் தோளில் போர்த்தி நிமிர்ந்து நிற்கிறார். அத்துணிக்கு அந்நாட்டில் டார்ட்டன் என்று பெயர். இன்ன கட்டம் இன்ன குலத்தாருக்கு உரியது என வகுத்தும் வைத்திருக்கின்றனர். எனவே, கட்டம் இன்னதென்று தெரிந்தால் குலமும் தெரிந்துவிடும் என்று பேரர்கள் எண்ணுகிறார்கள். இயல்பான ஆசைதான். ஆயினும், ஒருவரின் வமிசத்திற்குச் சாட்சி கூறத் துணிக்குத் தகுதி உண்டா என்பதை நாம் முதலில் கேட்டாக வேண்டும்.

கட்டத்தை இனங்காண நிறமும் வேண்டும், இழைக் கணக்கும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் படத்தகடுகளோ நீல ஒளிக்கே மிகுதியும் இணங்கின. அவற்றில் நீலம் வெளிறித் தோன்றும், சிவப்பு கறுத்துவிடும். பேரனின் கண்ணுக்குக் கறுப்பாகப் படுவது, பாட்டனார் அணிந்த நாளில் செக்கச் செவேலென இருந்திருக்கலாம். பட்டைகளின் அகலத்தை அளந்து, 2009 முதல் இயங்கிவரும் ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஓரளவு துணியலாம்.

துணியின் பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது அணிந்தவரின் பெயராகிவிடுமா? படம்பிடிக்கும் நிலையங்கள் இரவல் உடைகளை வைத்திருந்ததுண்டு. படைவீரர் அணிந்தது தம் படைப்பிரிவின் கட்டத்தை; 1794இல் திரட்டப்பட்ட கார்டன் ஹைலாண்டர்ஸ் படையில் இருந்தோரெல்லாம் கார்டன் குலத்தார் அல்லர்.

குலத்திற்கொரு கட்டம் என்னும் ஒழுங்கே பழமையானதன்று. கல்லொடன் போருக்குப் பின், 1746ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு உடையை ஆடவர்க்குத் தடை செய்தது. அத்தடை 1782இல்தான் நீங்கியது. 1815இல் லண்டனிலிருந்த மலைநாட்டார் சங்கம் குலத்தலைவர்களிடம் அவரவர் கட்டத்தின் மாதிரியைக் கேட்டபோது, தம் கட்டம் எதுவென்றே அறியாத தலைவர்களும் இருந்தனர்! 1842இல் இரு சகோதரர்கள் குலக் கட்டங்களைப் பற்றி ஆடம்பரமான நூலொன்றை வெளியிட்டனர். பழம்பெரும் ஏட்டுப் பிரதியிலிருந்து எடுத்தது என்றனர். அந்த மூல ஏட்டை அவர்கள் கடைசிவரை காட்டவில்லை. ஸனது கேட்டுப் பழகிய நம் மதரஸா மாணவன் முதல் நாளே அந்நூலை மூடி வைத்திருப்பான்.

வரலாற்றாசிரியர் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் 1983இல் வெளியான கட்டுரையில் கூறும் ஒரு செய்தி நம் நெஞ்சை உறுத்துகிறது. பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலையில் 155 என்னும் எண் மட்டுமே கொண்டிருந்த ஒரு கட்டம், கிட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்த தம் அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கியதால் கிட் எனப் பெயர் பெற்றது. பின்னர் அதே கட்டம் மக்பெர்சன் குலத்தலைவருக்கு அவர் குலத்தின் பெயராலேயே விற்கப்பட்டது. துணி ஒன்றே. ஒருவருக்கு அது மரபின் பெருமை. மற்றவருக்கு எசமானன் போட்ட உடை. அந்த அடிமைகளின் பேரர்களும் அத்துணியைக் கொண்டு உரிமை கோரினால் எவர் மறுக்க இயலும்?

இதனால் டார்ட்டன் முழுவதும் பொய் என்று தள்ளுவதும் நீதியன்று. 200 ஆண்டுகளாக மணவிழாவிலும் துக்கத்திலும் மக்கள் அணிந்து வந்த ஒன்று, கடைச்சரக்காகத் தொடங்கியிருப்பினும், இன்று அவர்களுடையதே. விரும்புவோர் அணியட்டும். நாம் மறுப்பது, அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதை மட்டுமே. இரவல் துணியில் நின்ற ஒரு கொல்லரைக் குலத்தலைவரின் வாரிசு எனப் பேரர்கள் அறிவித்துவிட்டால், தலைவருக்கு ஒரு வாரிசு கூடுகிறார். உலையருகே உழைத்து அவர்களை ஆளாக்கிய அம்மனிதரோ தம் வீட்டிலேயே காணாமற்போகிறார்.

படத்தைத் திருப்பிப் பார்ப்பது நன்று. அட்டையின் பின்புறத்தில் பெரும்பாலும் படநிலையத்தின் பெயரும் ஊரும் இருக்கும். ஸ்காட்லாந்தில் 1855 முதல் அரசுப் பதிவு உண்டு. அவ்வூர்த் திருமணப் பதிவில் மணமகனின் தொழிலும், தந்தை பெயரும், தாயின் பிறந்தகப் பெயரும் எழுதப்பட்டிருக்கும்.