ஏடு காப்பவன் ஊர் பெயரலாமா?

கடல் வாணிகத்தால் வளர்ந்த ஊர்களுக்குப் பிரிவு புதிதன்று. காரைக்காலிலும் நாகூரிலும் சபராளி ஒருவரேனும் இல்லாத முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது முன்னாளில் அரிது. பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்னும் பெயர்கள் நம் பாட்டிமார் பேச்சில் அடுத்த தெருவின் பெயர்போல வழங்கி வந்தன. சைகோனில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. பொருள் தேடிச் சென்ற இவர்களை நோக்கி, "ஊரை விட்டு ஏன் போனீர்கள்?" என்று எவரும் குறை கூறியதில்லை. சென்றவர் ஈட்டியதை ஊருக்கு அனுப்பினார். ஓலைக் கூரை ஓட்டுக்கூரையாயிற்று. குமர்ப்பிள்ளைகளின் திருமணங்கள் நடந்தேறின. பிரிவால் நேர்ந்த இழப்பும் அதனால் விளைந்த ஆதாயமும் ஒருவாறு நேர் செய்யப்பட்டன.

ஆயினும் இவ்வாறு எளிதில் நேர் செய்யவியலாத பெயர்வு ஒன்றுண்டு. அஃது ஆவணக் காப்பாளர் தொழிலைக் கற்றவர் ஊர் பெயர்வதாகும். பழைய பதிவேடுகளையும் பத்திரங்களையும் கடிதங்களையும் வகைப்படுத்தி, செல்லரிக்காமல் காத்து, வேண்டுவோர்க்கு வேண்டிய பொழுது எடுத்துக் கொடுப்பதே அத்தொழில். ஊரின் நினைவைக் காக்கக் கற்றவரே ஊரை நீங்குவது முறைதானா? இக்கேள்வியை நம் குடும்பங்கள் சிந்தித்துப் பார்ப்பது நலம்.

முதலில் உள்ள நிலையை நோக்குவோம். இத்தொழிலுக்கென இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் ஓராண்டுப் பட்டயப் பயிற்சி ஒன்றை நடத்தி வருகிறது. அதனைக் கற்க விழையும் காரைக்கால் இளைஞர் தலைநகருக்குச் செல்ல வேண்டும். கற்றபின் பணி தேடினாலோ, தேசிய ஆவணக் காப்பகத்தின் மையம் புதுச்சேரியில் உள்ளது. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் சென்னை எழும்பூரில் உள்ளது. நான்கு புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த காரைக்கால் போன்ற சிறு நிலப்பகுதியில் அத்தொழிலுக்கு இடம் மிகக் குறைவு. ஆகவே, பெரும்பாலும் இத்தொழிலைத் தேர்வதும் ஊர் பெயர்வதும் ஒரே முடிவாகி விடுகின்றன.

இனி, அவர் விட்டுச் செல்வது எத்தகைய ஊர் என்பதைக் காண்போம். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டும் மீண்டும், 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. அவ்வாட்சி எழுத்தை நம்பிய ஆட்சி. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை மேரியின் பதிவேடுகளில் ஏறின. நிலமும் வீடும் கை மாறியவை பத்திரங்களாயின. இவற்றைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபொழுது, இங்கு வாழ்ந்தோர் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடிமையே வேண்டுவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்கலாம் என்று வாய்ப்பும் தரப்பட்டது. பதிவேட்டின் ஒரு வரியும், அந்த அறிவிப்புத் தாள் ஒன்றும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளுக்கு நாடு எது என்பதைத் தீர்த்தன. இவையன்றி, பள்ளிவாசல்களின் நிக்காஹ் தப்தர்கள், வக்ஃபு சொத்துப் பத்திரங்கள், சபராளிகள் அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள், கடைப் பேரேடுகள் என்று அரசின் கணக்கில் வராத ஏடுகளும் உண்டு. வக்ஃபு நிலத்தின் எல்லை பற்றி வழக்கு மூளும்பொழுது, மடித்த இடம் கிழிந்த ஒரு தாளைத் தேடி நாம் அலைவதில்லையா?

அந்த ஒப்பந்தமே ஏடுகளையும் பங்கிட்டது. ஆட்சி நடத்தத் தேவையான ஆவணங்கள் இந்தியாவுக்கு, வரலாற்று மதிப்புடையவை பிரான்சுக்கு என்று பிரிவினை செய்யப்பட்டது. 1966இல் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் நகரில் எழுந்த ஆவணக் காப்பகத்தில் பிரெஞ்சு இந்தியாவின் ஏடுகள் பல இன்று உள்ளன. காரைக்காலுக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடியின் டேனிய ஏடுகள் பல கோபன்ஹேகனில் உள்ளன. ஆக, இக்கடற்கரையில் மனிதர் மட்டும் சபர் போகவில்லை, ஏடுகளும் போயின. ஏடுகள் போன ஊரில், ஏடு காக்கக் கற்றவரும் போய்விட்டால் எஞ்சுவது என்ன என்னும் ஏக்கம் நியாயமானதே.

இவ்வேக்கத்திற்கு அத்தொழிலின் அடிப்படை நெறி ஒன்றே துணை நிற்பதுபோல் தோன்றும். 1841இல் பிரெஞ்சு அரசு தன் காப்பகங்களுக்கு விடுத்த சுற்றறிக்கையில் ஒரு நெறி வகுக்கப்பட்டது. ஓர் அலுவலகத்திலோ குடும்பத்திலோ தோன்றிய தாள்களைப் பொருள் பற்றிப் பிரித்து வேறு கட்டுகளில் சேர்த்தல் ஆகாது. தோன்றிய இடத்தின் தொகுதியாகவே அவற்றை வைத்தல் வேண்டும் என்பது அது. கட்டிலிருந்து உருவப்பட்ட தாள் தன் பொருளில் பாதியை இழந்துவிடும். அதற்கு முன் வந்த கடிதம் எது, பின் சென்ற விடை எது என்பது தெரியாமற் போகும். தாளுக்கு இது பொருந்துமாயின் மனிதனுக்கும் பொருந்தாதா? பிறந்த மண்ணின் கட்டிலிருந்து தன்னை உருவிக்கொண்டவன் தன் பொருளை இழக்கமாட்டானா?

கேட்பதற்கு அழகாக உள்ள இவ்வாதம், உற்று நோக்கின் நில்லாது. அந்நெறி தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறதேயன்றி இடத்தைப் பற்றிப் பேசவில்லை. 1891இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற ஆவணத் துறை, தலைநகர் மாறியதன் காரணமாக டெல்லிக்குப் பெயர்ந்தது. 1926இல் புதிய கட்டடத்தை அடைந்தது. ஏடுகள் முழுதும் வந்து சேர 1937 ஆயிற்று. அவ்வளவு தொலைவு பெயர்ந்தும் அவ்வேடுகள் பொருளை இழந்தனவல்ல. ஏன்? அவற்றின் வரிசை கலையவில்லை; எது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பட்டியல் இருந்தது. பட்டியலின்றி அடுத்த அறைக்குப் போன தாளும் தொலைந்த தாளே. பட்டியலோடு கடல் கடந்த தாள் இன்னும் தன் ஊருக்கு உரியதே. எனவே, பெயர்வது குற்றமன்று. தொடர்பு அறுமாறு பெயர்வதே குற்றம். மனிதனுக்கும் இதுவே அளவுகோலாகட்டும்.

நம் மரபும் இதற்கு மாறானதன்று. ஒரேயொரு ஹதீஸைக் கேட்டவர் வாயிலாகவே அறிய வேண்டி, ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத காலம் பயணம் செய்து அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்ற செய்தியை இமாம் புகாரி குறித்துள்ளார்கள். சான்றைத் தேடிப் பயணம் போதல் நம் முன்னோர் வணக்கத்திற்கு நிகராகப் போற்றிய செயல். ஆனால் அப்பயணத்தின் பயன், தேடிப் பெற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்ததிலேயே நிறைவுற்றது என்பதையும் மறத்தலாகாது.

மற்றொன்றையும் எண்ணுக. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுத்தலாகாது என்னும் கட்டளையும் அதனுள் அமைந்துள்ளது. ஊர் நீங்கிய ஆவணக் காப்பாளர் அவ்வாறு மறுத்தவர் ஆவாரா? மறுப்பு என்றால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள் இருத்தல் வேண்டும். நாம் அவரை வேண்டினோமா? நம் ஜமாஅத்துகளில் எத்தனை, தம் தப்தர்களையும் பத்திரங்களையும் வரிசைப்படுத்தித் தருமாறு ஒருவரை அழைத்து ஊதியம் பேசின? பந்தலுக்கும் விருந்துக்கும் பொருள் ஒதுக்கும் நாம், ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு பட்டியலும் ஆக்கப் பொருள் ஒதுக்கினோமா? கேட்கப்படாத எழுத்தரை மறுத்தார் என்று பழிப்பது நீதியாகாது.

இதனால் சென்றவருக்குக் கடன் ஏதுமில்லை என்று கொள்ளுதல் தவறு. வணிகர் பணம் அனுப்பினார். ஆவணக் காப்பாளர் அனுப்ப வேண்டியது பட்டியல். தாம் பணிபுரியும் காப்பகத்தில் தம் ஊரைப் பற்றிய ஏடுகள் எவை, எந்த எண்ணில் உள்ளன என்று தமிழில் எழுதி அனுப்புதல் அவரால் இயலும். விதி இடந்தரும் அளவில் படிகள் பெற உதவுதல் இயலும். விடுமுறையில் வருங்கால் ஊர்ப்பிள்ளைகள் இருவர்க்கேனும் தாளைத் தொடவும் கட்டவும் குறிக்கவும் கற்பித்தல் இயலும். இவற்றைச் செய்பவர் ஊரை விட்டவர் அல்லர்; ஊரின் கை நீண்ட இடத்தில் நிற்பவர்.

தொலைவில் ஒரு படி இருப்பது காப்பும் ஆகும். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளைப் படியெடுத்து ஒன்றைப் பிரான்சில் வைக்குமாறு 1776இலேயே அந்நாட்டு அரசர் ஆணையிட்டார். காரைக்காலின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் பலவற்றை இன்று எக்ஸ் காப்பகத்தின் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே காண முடிகிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபொழுது, கடலோரக் குடும்பங்கள் உயிர்களோடு பட்டாக்களையும் சான்றிதழ்களையும் இழந்தன. உப்புக் காற்றும் கரையானும் வெள்ளமும் உள்ள ஊரில் ஒரே ஒரு படியை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. எனினும் மூலம் ஊரிலும் படி வெளியிலும் இருத்தலே முறை. மூலமே போய், படியும் நமக்கு வாராதிருப்பதுதான் இழப்பு.

மூதாதையர் ஒப்படைத்த ஏடு ஓர் அமானத். அமானத்தைக் காப்பதற்குக் காவலர் ஒருவர் மட்டும் போதாது. ஒப்படைத்தவர்க்கும் பெறுபவர்க்கும் அக்கறை வேண்டும். ஆகவே, இத்தொழிலை விரும்பும் மகனையோ மகளையோ, "தூரம்" என்று கூறித் தடுத்தல் வேண்டா. வாழ்த்தி அனுப்புவோம். அனுப்பும் முன், நம் வீட்டுப் பெட்டியிலுள்ள தாள்களை ஒருமுறை அவர்களோடு அமர்ந்து எடுத்து, எது என்ன என்று ஒரு தாளில் எழுதச் சொல்வோம். அத்தொழிலின் முதற் பாடமும் அதுவே. ஊருக்கு அவர்கள் செலுத்தும் கடனின் முதல் தவணையும் அதுவே.