புது டயர் பின்னாலே, மழைக்கு முன்னாலே

ஐப்பசி பிறக்கப் போகிறது. பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் ஈகோவிலும் பழைய ஆம்னியிலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அண்ணன்மாரே, அவர்களை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வேலைக்கு ஓடும் பெற்றோரே, ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். இந்த வாரமே வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து டயரைப் பாருங்கள். மழை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பின்பக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரம்தான் இழுக்கிறது. ஆம்னியும் ஈகோவும் அப்படியல்ல. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருந்தாலும் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். அதனால் பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பாரமும் குறைந்துவிடுகிறது. ஈர ரோட்டில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே பின்பக்கம் அடிக்கும். இரும்புலியூர் பாலத்தில் தூறலோடு இறங்கும்போது கியரைச் சட்டென்று குறைத்துக் கிளட்சை விட்டுப் பாருங்கள், எஞ்சின் பிடித்து நிறுத்துவது பின்சக்கரங்களை மட்டும்தான். அந்த நேரம் பின்னால் மொட்டை டயர் இருந்தால் வண்டி வால் சுற்றிவிடும்.

டயர் கடைகளில் வழக்கமாக நடப்பது என்ன? நான்கும் மாற்றக் கையில் காசு இல்லை, இரண்டு புதுசு வாங்குகிறோம். “அண்ணே, புதுசு ரெண்டையும் முன்னாடி போட்டுடவா? ஸ்டியரிங் அங்கதானே இருக்கு” என்கிறான் பையன். “போடு தம்பி” என்கிறோம். முன்னால் தேய்ந்த இரண்டும் பின்னால் போகின்றன. வேண்டாம், அப்படிச் செய்யாதீர்கள். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், காலை எடுத்தால் வேகம் குறைந்து வண்டி கைக்கு வரும். பின் டயர் வழுக்குவது கைக்குத் தெரியாது. தெரியும்போது வண்டி பாதி திரும்பியிருக்கும். முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் இரண்டு மட்டும் மாற்றினால் புதுசைப் பின்னால் போடு என்றுதான் டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பின்சக்கரம் தள்ளும் வேனுக்கு இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். நான்கையும் ஒரே ரகமாக மாற்ற முடிந்தால் அதுதான் நல்லது.

எப்போது மாற்றுவது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 காருக்கும் வேனுக்கும் கேட்கும் குறைந்தபட்சப் பட்டன் ஆழம், அதாவது டயரின் மேற்பரப்புப் பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டர். டயரின் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் அந்த 1.6 வரை காத்திருப்பது மழைக்காலத்துக்கு ஆகாது. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் அந்த வேலை மளமளவென்று குறைகிறது. தள்ள முடியாத தண்ணீரின் மேல் டயர் மிதக்கும், அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு 3 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை என்று நீங்களாகவே விதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். ஓரத்திலுள்ள நான்கு இலக்கத்தில் 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு ஆன டயரை வருடாவருடம் சோதிக்க வேண்டும்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அப்படிப்பட்ட நாளில் பள்ளியும் கிடையாது, வேனும் ஓடாது. ஆபத்து இருப்பது முதல் தூறலில். மாதக்கணக்கில் ஜி.எஸ்.டி. சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர் தூளும் புழுதியும் நனைந்து வழுவழுப்பாகும் அந்த அரை மணி நேரத்தில், பள்ளி மணி அடிப்பதற்குள் சேர வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருப்பார்கள்.

எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்கியாயிற்றே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். 2012 ஜூலை 25 அன்று இதே முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி. அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. ஓட்டையும் இருந்தது. அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தமிழ்நாடு அரசு சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. சான்று ஒருநாள் பார்த்துக் கொடுப்பது. தினமும் அந்த வண்டியைப் பார்ப்பவர்கள் நீங்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது என்பது சட்டம். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போகும் என்பதால் அவர்களுக்கு அந்த டயர். நமக்கு அது தேவையில்லை, கம்பெனி டயர் எதுவும் போதும். ஆனால் அங்கே இருப்பதுபோல, டயரைப் பார்க்க ஒரு தேதியை நாமும் வைத்துக்கொள்வதை யார் தடுக்கிறார்கள்? ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் ஆலைகள் இருக்க, பக்கத்து ஊரில் நூல் தெரியும் டயரில் பிள்ளைகள் போவது நமக்கு அவமானம்.

பெற்றோரே, வேன் கட்டணத்தில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசிய கையோடு டயரைப் பற்றியும் பேசுங்கள். ஓட்டுநருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, வண்டித் தவணை இருக்கிறது. இரண்டு டயரின் விலையை வேனில் வரும் குடும்பங்கள் பகிர்ந்தால் ஆளுக்குச் சில நூறுதான். கேட்கக் கூச்சப்படாதீர்கள் அண்ணே, கேளுங்கள். ரீட்ரெட் போட்டுச் சமாளிக்காதீர்கள். லாரிக்கு அது சரியாக இருக்கலாம், பிள்ளைகள் ஏறும் சின்ன வேனுக்கு வேண்டாம்.

மழையில் பிடிப்பு கிடைக்கும் என்று காற்றைக் குறைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காற்று குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அளவு போட்டிருக்கிறது. காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாகாதபோது, ஸ்டெப்னியையும் சேர்த்து அந்த அளவுக்குக் காற்று பிடியுங்கள்.