தெரியாமல் இருப்பதன் வசதி

காருக்கு அடியில் ஆயில் சொட்டும் இடமும் அது கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. எஞ்சினின் உச்சியில், டேப்பட் கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் பேக்கிங் விறைத்துப்போய் ஓர் ஓரத்தில் ஆயிலை விடுகிறது என்று வையுங்கள். அது பக்கவாட்டில் மெல்லிய கோடாக வழியும், ஏதாவதொரு போல்ட் தலையில் தேங்கும், வண்டி ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்னால் தள்ளப்படும், கடைசியில் சம்ப்பின் மூலையில் துளியாகத் தொங்கும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு சம்ப்தான் குற்றவாளி. அதைக் கழற்றிப் புதுப் பேக்கிங் போட்டு மாட்டினாலும் அடுத்த வாரம் தரையில் அதே கறுப்பு வட்டம் இருக்கும். நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அங்கிருந்துதான் சந்தேகத்தை ஆரம்பிக்கணும்.

பல வருட அழுக்கும் ஆயிலும் அப்பிக் கிடக்கும் எஞ்சினில் அதையும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் கழுவ வேண்டும். காயவிட்டு, சந்தேகமுள்ள இணைப்புகளில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், புதிதாகக் கசியும் ஆயில் வெள்ளையின் மேல் ஈரக் கோடு இழுத்துக் காட்டிவிடும்.

இதில் என்னைத் தொந்தரவு செய்யும் விஷயம் ஒன்று உண்டு. கசிவைக் கண்டுபிடிக்க முதல் வேலை கழுவுவது. கசிவை மறைக்கவும் முதல் வேலை அதேதான்.

பதினான்கு வருடம் ஓடிய என் காரை விற்கலாம் என்று முடிவு செய்தபோது, புரோக்கர் தரையிலிருந்த கறையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எஞ்சின் வாஷ் அடிச்சு நிறுத்துங்க சார். பத்து நாளைக்கு ஒண்ணும் தெரியாது." வாங்குறவர் கேட்டா? "லேசா கசியும், எங்கேன்னு தெரியலைன்னு சொல்லுங்க. அதான உண்மை? மெக்கானிக்கிட்ட மட்டும் போயிடாதீங்க. தெரிஞ்சிட்டா அப்புறம் சொல்லணும்ல?"

அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய்யாகிவிடக்கூடிய இடத்துக்கு முன்பே, அறிவைப் பத்திரமாக நிறுத்திவைக்கச் சொன்னார். பொய் சொல்லக்கூடாது என்ற விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதரை யாராலும் மடக்க முடியாது.

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877-ல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். (இரண்டு வருடத்தில், 33 வயதில், இறந்துபோனார்.) அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, அடிக்கடி பழுது பார்த்தது, அது தாங்குமா என்ற சந்தேகம் அவருக்கே வருகிறது. பரிசோதித்தால் செலவு. எத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றெல்லாம் தனக்குத்தானே சொல்லி, மெல்ல மெல்ல மனதார நம்பிவிடுகிறார். குடிபெயரும் குடும்பங்களை ஏற்றி வழியனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. அவருக்குக் காப்பீட்டுப் பணம் வருகிறது. கிளிஃபோர்ட் இங்கே நிறுத்துவதில்லை. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த ஆள் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார். நம்பியது சரியா தவறா என்பது அல்ல கேள்வி. அப்படி நம்ப அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான்.

புரோக்கர் இந்த முதலாளியைவிட நேர்மையானவர் என்றுகூடத் தோன்றுகிறது. முதலாளி தன்னையே ஏமாற்றிக்கொண்டார். புரோக்கருக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. தெரியாமல் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை வாங்குபவர் தலையில் கட்டிவிடலாம் என்று கணக்காகவே தெரிந்து வைத்திருக்கிறார். சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சொட்டினால் புகை வரும், சில சமயம் தீயும் பிடிக்கும். அளவு இறங்குவதைக் கவனிக்காமல் ஓட்டினால் பேரிங் தேய்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதெல்லாம் நடக்கும்போது வண்டி வேறொருவர் பெயரில் இருக்கும்.

மெக்கானிக்கிடம்தான் போனேன். நினைத்தபடியே டேப்பட் கவர் பேக்கிங். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. ஆனால் அவர் பேக்கிங்கை மாற்றியதோடு விடவில்லை. "இது ஏன் போச்சுன்னு பாக்கணும்ல?" என்று பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினார். சத்தமே இல்லை, உள்ளே பசை மாதிரி அடைத்திருந்தது. பிஸ்டன் ஓரமாக எஞ்சினின் அடிப்பகுதிக்குத் தப்பி வரும் வாயு வெளியேறும் வழி அது. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு சீல் வழியாக வரும். கசியும் இடத்துக்கும் மேலே ஒரு காரணம் இருந்திருக்கிறது.

சரி, எவ்வளவு தூரம்தான் தேடுவது? இங்கேதான் கிளிஃபோர்டோடு எனக்கு முரண்பாடு. போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவது எப்போதும், யாருக்கும் தவறு என்பது அவர் கட்சி. கிராங்க்கின் பின்பக்க சீலைப் பார்க்க வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கணும். சீல் விலை சொற்பம், கூலி ஆயிரக்கணக்கில். விற்கப்போகிற வண்டியில் அதை நான் செய்யவில்லை. வாங்க வந்தவரிடம் எதைத் திறந்து பார்த்தோம், எதைத் திறக்கவில்லை என்று இரண்டையும் சொன்னேன். அவர் நாலாயிரம் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். புரோக்கருக்கு அது அபத்தமாகப் பட்டது. "பாக்காததையும் சொல்லுவீங்களா சார்?" என்றார். பார்க்காததற்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு, அதைச் சொல்ல முடியும் என்பது என் எண்ணம். "தெரியலை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அந்தக் கோடு காணாமல் போய்விடுகிறது.

தெரிந்தும் சரிசெய்யாமல் இருப்பவர்களைப் பற்றி இவ்வளவு உறுதியாக என்னால் பேச முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு கால் டாக்ஸியில் போனேன். பங்க்கில் நிறுத்திய டிரைவர் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். டிக்கியிலிருந்து கேனை எடுத்து அரை லிட்டர் ஊற்றினார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "பின் சீல் போயிருக்குண்ணே. கியர்பாக்ஸ் இறக்கினா ரெண்டு நாள் வண்டி நிக்கும், டியூ கட்ட முடியாது. அதான் தினம் காலையில ஒருவாட்டி, மதியம் ஒருவாட்டி பாத்துக்கிறேன்."