வெளியே தெரிகிற பூட்டு

புது லேப்டாப் வாங்கப் போகிறேன். லினக்ஸ் மட்டுமே ஓடப்போகிற லேப்டாப். கடையில் ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று கேட்கிறார்கள். நான் தேடுவது வேறு: வைஃபை சிப்பும் கிராஃபிக்ஸ் சிப்பும் எந்த டிரைவரில் ஓடுகின்றன, அதன் மூலநிரல் யார் கையில் இருக்கிறது?

“இதெல்லாம் ஒரு கவலையாப்பா?” என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். கவலைதான். இயங்குதளம் சொல்வதைச் சிப்புக்குப் புரியவைப்பது டிரைவர். அது மூடியதாக இருந்து, தயாரித்த நிறுவனமும் கைவிட்டுவிட்டால், புது கெர்னல் வந்ததும் நல்ல சிப்கூட ஊமையாகிவிடும். மூலநிரல் திறந்திருந்தால் எங்கோ ஒருவர் அதைத் திருத்திவிடலாம். காசு கொடுத்தது நான். அந்தப் பொருள் எப்போது சாக வேண்டும் என்று தீர்மானிப்பது யார்?

ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கும் இந்தக் கேள்வி ஒரு பிரிண்டர் வழியாகத்தான் வந்தது. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்து லேசர் பிரிண்டரில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகிற மாதிரி நிரலை மாற்ற நினைத்தார், மூலநிரல் கிடைக்கவில்லை. 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார்.

சரி, திறந்த டிரைவர் இருந்தால் போதுமா? அங்கேதான் சிக்கல். இன்றைய சிப்புகள் பலவற்றுக்குள் தனியாக ஒரு ஃபர்ம்வேர் ஓடுகிறது. ஏ.எம்.டி. கிராஃபிக்ஸுக்கு லினக்ஸ் டிரைவர் திறந்தது. அது சிப்பில் ஏற்றும் ஃபர்ம்வேர் மூடியது. ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, இப்படி வெளியிலிருந்து ஏற்றப்படும் மூடிய ஃபர்ம்வேரை ஏற்பதில்லை. அதே மாதிரி ஒன்று துணைச் சிப்புக்குள்ளேயே பதிந்து, பிறகு மாற்றும் உத்தேசமில்லாமல் வந்தால், தன் சான்றிதழில் விதிவிலக்கு தருகிறது. 2008-ஆம் ஆண்டு மாடலான திங்க்பேட் எக்ஸ்200, லிப்ரேபூட்டோடு அந்தச் சான்றிதழைப் பெற்றது. அதன் கீபோர்டு, பேட்டரி விஷயங்களைக் கவனிக்கும் சின்னச் சிப்பின் ஃபர்ம்வேர் மூடியதுதான்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தயாரித்தவராலும் மாற்ற முடியாத நிரல் கிட்டத்தட்ட கம்பியும் சுற்றும் மாதிரி. அதை வைத்து யாரும் நாளைக்கு என்மேல் புதிதாக அதிகாரம் செலுத்த முடியாது. ஆனால் அதில் பிழை இருந்தால் யாராலும் திருத்தவும் முடியாது. இரண்டு பேரும் சமமாகக் கைகட்டி நிற்பதை என்னால் சுதந்திரம் என்று சொல்ல முடியவில்லை. கண்ணில் படாத பூட்டு தூய்மை, படுகிற பூட்டு தீட்டு என்று ஆகிவிடுகிறது.

டெபியன்காரர்கள் 2022-இல் இதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். 2023-இல் வந்த டெபியன் 12-இன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே மூடிய ஃபர்ம்வேர் சேர்ந்தது. அதற்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். எது ஏற்றப்படுகிறது என்று பயனருக்குச் சொல்லி, வேண்டாம் என்றால் அணைத்துவிடவும் வழி விட்டார்கள். கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கு இதில் ஒரு நேர்மை தெரிகிறது. சமரசம் செய்தார்கள், அதற்குப் பெயர் போட்டு வெளியே வைத்தார்கள்.

நானும் அப்படித்தான் வாங்கப் போகிறேன். டிரைவர் கெர்னலுக்குள்ளேயே திறந்திருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஃபர்ம்வேரில் விட்டுக்கொடுக்கிறேன், எதெது மூடியது என்று தெரிந்தே. வாங்கிய பிறகு நிறுவனத்திடம் கெஞ்சத்தான் முடியும். காசு இன்னும் என் பையில் இருக்கும்போதுதான் நான் கேட்கிற கேள்விக்குக் கொஞ்சமாவது எடை இருக்கிறது.